குவாட் வண்டிக்குச் செயின் கார்டு, ரோட்டார் கார்டு: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரைச் சுற்றி ஏடிவி எனப்படும் நாலு சக்கர குவாட் வண்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகிவிட்டன. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் தோப்புகளில் மருந்து டிரம் இழுக்கிறார்கள். ஏலகிரி அடிவாரத்தில் ரிசார்ட்டுகள் வாடகைக்கு விடுகின்றன. சொந்த நிலத்தில் பந்தயப் பாதை போட்டு ஓட்டுகிற பையன்களும் உண்டு. பின் செயின் ஓடும் பல் சக்கரத்தையும் (ஸ்ப்ராக்கெட்), ரோட்டார் எனப்படும் பின் பிரேக் டிஸ்கையும் அடிபடாமல் காக்கும் தகடுதான் கார்டு. அதைப் பற்றி மூன்று தரப்பும் எங்கள் பட்டறைக்கு வந்து கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறோம்.

என் வண்டிக்கு இந்தக் கார்டு தேவைதானா?

வண்டிக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். இரண்டு பின்சக்கரத்தையும் இணைத்து ஒரே இரும்புத் தண்டு (ஆக்சில்) நேராகப் போகிறதா, அதில் ஒரு பக்கம் செயின் ஸ்ப்ராக்கெட்டும் இன்னொரு பக்கம் பிரேக் டிஸ்கும் உட்கார்ந்திருக்கிறதா? அப்படியென்றால் தேவை. யமஹா ராப்டர், ஹோண்டா டிஆர்எக்ஸ் 450 மாதிரியான ஸ்போர்ட் வண்டிகளும், ரிசார்ட்டுகளில் ஓடும் 110, 125 சிசி சீன வண்டிகளில் பெரும்பாலானவையும் இந்த வகை.

பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் மாதிரி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷனும் ஷாஃப்ட் டிரைவும் உள்ள வண்டியில் பின்னால் செயினே கிடையாது. அதற்கு வேண்டியது அடிவயிற்றுக்கு ஒரு ஸ்கிட் பிளேட், அதாவது அடித்தகடு. அது வேறு வேலை, வேறு கணக்கு.

கல் எப்படி அங்கே போய் அடிக்கிறது? வண்டி நல்ல உயரமாகத்தானே இருக்கிறது?

முன்பக்கம்தான் உயரம். பின்பக்கம் கணக்குப் போட்டால் தெரியும். 20 இன்ச் பின் டயர் என்றால் ஆக்சிலின் நடு, தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 520 என்ற அளவுச் செயினுக்கு 38 பல் ஸ்ப்ராக்கெட் போட்டிருந்தால் அதன் விட்டம் சுமார் 192 மி.மீ., செயினின் தடிமனையும் சேர்த்தால் 207 மி.மீ. ஆக்சிலுக்குக் கீழே மட்டும் பத்து செ.மீ.க்கு மேல் தொங்குகிறது. மீதி இடைவெளி 15 செ.மீ. 18 இன்ச் டயர் என்றால் பன்னிரண்டரை. குவாட் டயரில் காற்று 4, 5 பி.எஸ்.ஐ.தான் வைப்பார்கள், ஆள் ஏறினால் அமுங்கும். அதிலும் கொஞ்சம் போய்விடும்.

நம் ஊர்க் குன்றுகளில் பாதி மண்ணுக்குள் புதைந்து, பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் பாறைகள் எக்கச்சக்கம். சீமைக் கருவேலத்தை வெட்டிவிட்டு வேரை எடுக்காமல் விட்ட கட்டைகள் அதைவிட மோசம். புல்லுக்குள் மறைந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. முன்சக்கரங்கள் இரண்டும் அதை நடுவில் விட்டுத் தாண்டிவிடும். பின்னால் தாழத் தொங்கும் ஸ்ப்ராக்கெட்டோ டிஸ்கோ போய் மோதும்.

மோதினால் என்ன ஆகும்? ஒரு பல் போனால் போகட்டுமே?

பல் வளைந்தால் அந்த இடத்தில் செயின் ஏறி உட்காராமல் கழன்றுகொள்ளும். கழன்ற செயின் சும்மா விழாது. முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு மடிந்து, எஞ்சின் கேஸைக் குத்தி உடைக்கும். அலுமினிய கேஸில் ஓட்டை விழுந்தால் ஆயில் வெளியே, எஞ்சின் வேலை தலைக்கு மேல். முன் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி கேஸ் சேவர் என்ற சின்னத் தகடு ஒன்று போடச் சொல்வது அதற்காகத்தான்.

டிஸ்க் வளைந்தால் வேறு தொல்லை. ஒவ்வொரு சுற்றிலும் வளைவு, டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபருக்குள் போய் பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளும். அடுத்த முறை பெடலை மிதித்தால் பாதி மிதி காற்றில் போகும். இந்த வகை வண்டியில் பின்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு டிஸ்க்தான். அது போனால் பின் பிரேக் மொத்தமும் போனது.

ரெடிமேடாக வாங்கிவிடலாமே?

உங்கள் வண்டிக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், நாங்கள் தடுக்க மாட்டோம். பெயர் பெற்ற ஸ்போர்ட் மாடல்களுக்கு வெளிநாட்டுக் கம்பெனிகள் நன்றாகவே செய்கின்றன. ஆனால் சீன வண்டிகளுக்கும், இங்கேயே அசெம்பிள் செய்த வண்டிகளுக்கும் கிடைக்காது. ஒரே பெயரில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு வண்டிகளுக்கு ஸ்விங் ஆர்ம் (பின் ஆக்சிலைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) அகலம் வேறுபட்டிருப்பதைப் பார்க்கிறோம். அங்கேதான் அளவெடுத்துச் செய்கிற வேலைக்கு அர்த்தம் இருக்கிறது.

எந்தத் தகடு நல்லது? இரும்பா, அலுமினியமா?

"நல்ல கனமா இரும்பு போட்டுடுங்கண்ணே" என்பவர்கள்தான் அதிகம். கனத்துக்கும் பலத்துக்கும் நேர் உறவு இருப்பதாக ஒரு நம்பிக்கை. ஒரு கணக்கைப் பாருங்கள்.

30 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம் உள்ள ஒரு துண்டு. 6 மி.மீ. அலுமினியத்தில் அது சுமார் 1.2 கிலோ. 3 மி.மீ. இரும்பில் சுமார் 1.75 கிலோ. வளையாமல் நிற்கும் திறன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், அதாவது தடிமன் இரட்டித்தால் எட்டு மடங்கு. அதனால் இரும்பைவிட மூன்றில் ஒரு பங்கு விறைப்பே உள்ள அலுமினியம், இரண்டு மடங்கு தடிமனாக இருக்கும்போது அந்த 3 மி.மீ. இரும்பைவிட இரண்டரை மடங்குக்கு மேல் விறைப்பாக நிற்கிறது, எடையும் குறைவு. அதே 6 மி.மீ. தடிமனில் இரும்பு போட்டால் மூன்றரை கிலோ. இந்தக் கார்டு ஷாக் அப்சார்பருக்குக் கீழே, ஆக்சிலோடு சேர்ந்து குதிக்கிற இடத்தில் மாட்டுவது. அங்கே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் பின்பக்கத்தைத் துள்ள வைக்கும்.

அலுமினியத்திலும் எல்லாம் ஒன்றல்ல. தட்டையாக வெட்டி போல்ட் போடும் துண்டுக்கு 6061-டி6 என்ற ரகத்தை எடுக்கிறோம். அதை மடக்கினால் மடிப்பில் விரிசல் விடும். மடக்க வேண்டிய துண்டுக்கு 5052 ரகம் சரி, அது வளைந்து கொடுக்கும். 6061-ஐ வெல்டிங் வைத்தால் வெல்டுக்குப் பக்கத்தில் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே அடி வாங்கும் இடத்தில் வெல்டிங் வராத மாதிரிதான் வரைவோம். பழைய பாத்திரக் கடை அலுமினியத்தைக் கொண்டுவந்து "இதுல செஞ்சு குடுங்க" என்றால் மன்னிக்கவும்.

இரும்பு வேண்டாம் என்பதில்லை. தோப்புக்குள் மெதுவாகப் போகும் வண்டி, பட்ஜெட் குறைவு, உடைந்தால் ஊர் வெல்டிங் கடையிலேயே ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றால் 3 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு) தகடு போதும். பெயிண்ட் மட்டும் அடித்து வையுங்கள்.

வெள்ளை பிளாஸ்டிக் ஒன்று சொல்கிறார்களே?

அது யு.எச்.எம்.டபிள்யூ. பாலிஎதிலீன். அருமையான பொருள். கல்மேல் உரசினால் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும், தேய்மானமும் குறைவு. அதே 30-க்கு 25 துண்டு 10 மி.மீ. தடிமனில் முக்கால் கிலோகூட வராது.

பலவீனம் சூடு. 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் தளரும், 130-ஐத் தாண்டினால் உருகும். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடி வந்தால் டிஸ்க் 200 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே ஸ்ப்ராக்கெட் பக்கம் இதைப் போடலாம். ரோட்டார் பக்கம் அலுமினியம், அதற்கு அடியில் தரையைப் பார்த்த பக்கத்தில் மட்டும் இந்த பிளாஸ்டிக் ஒரு பட்டை. எங்களுக்குப் பிடித்த கூட்டணி இதுதான்.

கிரஷரில் கழித்த கன்வேயர் பெல்ட் இருக்கிறது. அதை வெட்டித் தொங்கவிட்டால்?

சேறு தடுக்க நல்லது. கல்லைத் தடுக்காது. ரோட்டார் பக்கத்தில் மட்டும் தொங்கவிட வேண்டாம், உரசினால் ரப்பர் டிஸ்கில் தடவிப் பிரேக் வழுக்கும்.

ரோட்டாருக்கும் கார்டுக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

தடிமனைப் பற்றி ஆயிரம் கேள்வி வருகிறது, இதைப் பற்றி எப்போதாவதுதான் வருகிறது. கார்டின் தரத்தைத் தீர்மானிப்பது இந்த இடைவெளிதான்.

கார்டே இல்லாத வண்டியில் ஒரு ஜல்லி தெறித்து டிஸ்கில் பட்டால் பட்டுவிட்டுப் போய்விடும். கார்டு இருக்கும் வண்டியில் அதே ஜல்லி நடுவில் மாட்டிக்கொண்டால் டிஸ்கை வரிவரியாகக் கிழித்துவிடும். முக்கால் இன்ச் ஜல்லி நுழைந்து சிக்குகிற அளவுக்கு இடைவெளி வைப்பதைவிடக் கார்டு போடாமலே விடலாம். எனவே பக்கவாட்டில் நெருக்கமாக, 4, 5 மி.மீ. வைக்கிறோம். டிஸ்கின் விளிம்புக்குக் கீழே, அடி வாங்கி உள்ளே வளையும் இடத்தில், 12 முதல் 15 மி.மீ. வைத்து, பின்பக்கத்தைத் திறந்து விடுகிறோம்.

பின்பக்கம் ஏன் திறப்பு என்றால், வண்டி முன்னே போகும்போது டிஸ்கின் அடிப்பாகம் முன்னிருந்து பின்னாகச் சுழல்கிறது. உள்ளே புகுந்த எதையும் அது பின்னால்தான் தள்ளும். வெளியே போக வழி இருந்தால் போய்விடும். முழுவதும் மூடிய பெட்டி மாதிரி செய்த கார்டுகளைப் பார்த்திருக்கிறோம். பார்வைக்கு அழகு. ஏரிக்கரைக் களிமண்ணில் ஒரு சுற்று வந்தால் உள்ளே மண் இறுகிச் செங்கல்லாகிவிடும்.

செயின் பக்கம் இன்னொரு விஷயம். கீழ்ச் செயின் எப்போதும் கொஞ்சம் தொங்கும், குதிக்கும்போது இன்னும் ஆடும். கார்டின் முன் உதட்டை நேராக நீட்டினால் செயின் அதில் அடித்துக்கொண்டே இருக்கும். உதட்டைக் கீழ்நோக்கி மடக்கிவிட்டால் சத்தமும் போகும், பாறையில் ஏறும்போது சறுக்குத் தளமாகவும் உதவும்.

மூடினால் பிரேக் சூடாகாதா?

ஆகும். அதனால்தான் பக்கத் தகட்டில் நீளத் துளைகள். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் இழுத்த பழைய ஆயிலுக்கு அது 155 ஆக இறங்கிவிடும். அக்னி நட்சத்திரத்தில் இந்த ஊரில் நிழலிலேயே 40 டிகிரி, அதற்கு மேல் கார்டும் போட்டு, நான்கு வருடப் பழைய ஆயிலோடு ஓட்டினால் மிதி பஞ்சாகும். கார்டு போட வரும்போதே பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

எதில் மாட்டுகிறீர்கள்? சேஸிஸிலா?

இல்லை. ஸ்விங் ஆர்மில், அல்லது ஆக்சில் பேரிங் இருக்கும் ஹவுசிங்கில். சேஸிஸில் மாட்டினால் ஷாக் அமுங்கும்போதெல்லாம் ஆக்சில் மேலே போகும், கார்டு நின்ற இடத்திலேயே நிற்கும். ஏதாவது ஒரு குழியில் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

செயின் டைட் பண்ணும்போது ஆக்சில் பின்னால் நகரும் என்பதையும் மறக்கக் கூடாது. பல வண்டிகளில் ஹவுசிங்கே மையம் விலகிய வட்டம். அதைச் சுழற்றினால் ஆக்சில் பின்னால் மட்டுமல்ல, மேலேயோ கீழேயோகூட நகரும். ஆகவே கார்டின் துளைகள் வட்டமாக இருக்கக் கூடாது, நீண்ட ஸ்லாட்டாக இருக்க வேண்டும். செயின் டைட் பண்ணும் ஒவ்வொரு முறையும் கார்டைத் தளர்த்தி மறுபடி சரிபார்ப்பது உங்கள் வேலை.

நேராக ஸ்விங் ஆர்மில் வெல்டிங் வைத்துவிட்டால் கழலவே கழலாதே?

கழலாது, சரி. அடுத்த பெரிய அடியில் கார்டோடு ஸ்விங் ஆர்மும் சேர்ந்து வளையும். நாங்கள் கிளாம்ப் போட்டு, எம்8 அளவு 8.8 கிரேடு போல்டில் மாட்டுகிறோம். அளவுக்கு மீறிய அடி என்றால் போல்ட் அறுந்து கார்டு போகட்டும், ஸ்விங் ஆர்ம் தப்பிக்கட்டும். அடிப்பக்கம் தலை உள்ளே அமிழும் ஆலன் போல்ட், இல்லாவிட்டால் முதல் பாறையே தலையைச் சீவிவிடும். ரோட்டார் பக்கத்தில் நைலான் வளையம் வைத்த நட் கூடாது, 120 டிகிரிக்கு மேல் அது பிடிப்பை விட்டுவிடும். முழு உலோக லாக் நட் போடுங்கள்.

வேறு எங்காவது வண்டியிலேயே வெல்டிங் வைக்க நேர்ந்தால் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே மாட்டச் சொல்லுங்கள். தள்ளி மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளைப் பொரித்துவிடும்.

நாங்கள் ரிசார்ட் நடத்துகிறோம். பாறை கிடையாது, சமதளம்தான். எங்களுக்கு எதற்கு?

உங்களுக்குத்தான் முதலில் தேவை, ஆனால் அடிக்கார்டு அல்ல, மேல் கவர். உங்கள் வண்டியில் ஏறுகிறவர்கள் சுடிதாரில், புடவையில், தலையை விரித்துவிட்டு வருகிறார்கள். குழந்தையை முன்னால் வைத்துக்கொள்கிறார்கள். துப்பட்டா இரண்டு இடத்தில் மாட்டும். மேல் செயினில் விழுந்த துணியைச் செயின் முன்னோக்கி இழுத்துக்கொண்டு போய், முன் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது ஓட்டுபவரின் குதிகாலுக்குப் பக்கத்தில் திணிக்கும். பின்னால் தொங்கும் துணி சுழலும் ஆக்சிலில் சுற்றிக்கொண்டு கழுத்தை இழுக்கும்.

பல வண்டிகளில் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கு மேல் மட்டும் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அது சேறு தெறிக்காமல் இருக்கத்தான். நாங்கள் செய்வது முன் ஸ்ப்ராக்கெட் கவரிலிருந்து பின்பக்கம் வரை விடாமல் வரும் மேல் கவர், கூடவே ஆக்சிலின் வெளித்தெரியும் பகுதிக்கு மேல் ஒரு அரைவட்டத் தகடு. காற்றுக்குத் துளை வைத்தால் பென்சில் நுழையாத அளவுதான், அதற்கு மேல் குழந்தை விரல் போகும். இதற்கு 2 மி.மீ. அலுமினியம் போதும், இது கல்லோடு சண்டை போடப் போவதில்லை.

கவர் போட்டாகிவிட்டது என்று துப்பட்டாவைக் கட்டச் சொல்லாமல் விடாதீர்கள். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை அணைக்கும் கயிறு சுவிட்சும் வேலை செய்ய வேண்டும். சில இடங்களில் அந்தக் கயிற்றை ஹேண்டில்பாரிலேயே நிரந்தரமாகக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

வண்டியைக் கொண்டுவர முடியாது. அளவு அனுப்பினால் செய்வீர்களா?

செய்யலாம், ஆனால் டேப் அளவை மட்டும் நம்பிச் செய்ய மாட்டோம். கெட்டியான அட்டையை, டிவி வந்த பெட்டி அட்டையே போதும், ஸ்விங் ஆர்முக்குக் கீழே வைத்து விளிம்பைப் பென்சிலால் வரைந்து வெட்டுங்கள். போல்ட் துளைகளைக் குத்திக் காட்டுங்கள். வண்டியில் வைத்துப் பார்த்துப் பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு அந்த அட்டையையே பார்சலில் அனுப்புங்கள். அட்டையில் "இடது", "தரைப்பக்கம்", "முன்" என்று எழுத மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கண்ணாடிப் பிம்பமாகச் செய்துவிடுவோம்.

கூடவே டயர் அளவு, ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கை, செயின் பக்கத் தகட்டில் பொறித்திருக்கும் எண், டிஸ்கின் விட்டம் ஆகியவை வேண்டும். செயின் அட்ஜஸ்டர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு ஒரு போட்டோ.

பிறகு ஸ்ப்ராக்கெட் மாற்றினால் அதே கார்டு பொருந்துமா?

520 செயினில் 36 பல்லுக்கு விட்டம் 182 மி.மீ., 38-க்கு 192, 40-க்கு 202. இரண்டு பல் கூடினால் கீழ்ப்பக்கம் 5 மி.மீ. இறங்கும். ஒருவேளை மாற்றலாம் என்று முதலிலேயே சொன்னால் பெரிய அளவுக்கே செய்துவிடுவோம்.

முன் பிரேக் டிஸ்குகளுக்கு?

பெரும்பாலான வண்டிகளில் அவை சக்கரத்தின் வளையத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. தேவையில்லை.

என்ன செலவாகும்?

அட்டையைப் பார்க்காமல் போனில் தொகை சொல்வதில்லை. தகட்டின் எடை, லேசர் வெட்டு நீளம், மடிப்புகளின் எண்ணிக்கை, இந்த மூன்றில்தான் காசு போகிறது. ஒற்றைப் பீஸுக்கு வரைபடம் போடும் கூலி உறுத்தும். ரிசார்ட்டில் ஒரே மாதிரி நான்கைந்து வண்டி இருந்தால் சேர்த்துக் கொடுங்கள், அந்தக் கூலி பங்கிடப்படும்.

காட்டுக்குள் ஓட்டலாமா? பாலாற்று மணலில்?

ஜவ்வாது மலையிலும் அமிர்தி பக்கமும் காப்புக்காடுகள் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே வண்டி நுழையக் கூடாது. பாலாற்று மணல் உங்கள் நிலம் அல்ல. பதிவெண் இல்லாத குவாடை ரோட்டில் இறக்குவதும் குற்றம். சொந்த நிலம், அல்லது நிலத்துக்காரரின் சம்மதம். கார்டு போட்டால் சட்டம் மாறாது.

பராமரிப்பு?

தண்ணீர் அடித்துக் கழுவும்போது கார்டுக்குள்ளும் அடியுங்கள். தென்னை நார், வைக்கோல், கட்டுக்கம்பி இவை ஆக்சிலில் சுற்றிக்கொண்டு பேரிங் சீலை அறுக்கும், கார்டு இருப்பதால் கண்ணில் படாது. எப்போதாவது முழுவதுமாகக் கழற்றிப் பாருங்கள். துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட் அலுமினியத்தோடு நேராகப் பட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப் பொடியாகும், மாட்டும்போது ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவுங்கள். அந்தக் கிரீஸ் டிஸ்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய பிறகு "கிர்ர்" என்று ஒரு சத்தம் வருகிறது. என்ன செய்வது?

உடனே நிறுத்துங்கள். பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் உரசினால் டிஸ்க் ஏற்கெனவே வளைந்திருக்கிறது, டிஸ்கை மாற்ற வேண்டும். விடாமல் உரசினால் கார்டு நகர்ந்திருக்கிறது, ஸ்லாட்டைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள். கையால் சுற்றும்போது சத்தமே இல்லை, ஓட்டும்போது மட்டும் வருகிறது என்றால் செயின் தொங்கி முன் உதட்டில் அடிக்கிறது. வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்குச் செயினை டைட் பண்ணுங்கள். அப்புறமும் போகவில்லை என்றால் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைக் கொண்டு வாருங்கள், கார்டை மாட்டியபடி ஓட்டிக்கொண்டு வர வேண்டாம்.